இருநூற்றுப் பதினாலாம் பாட்டு

அம்மா எழுதி வைத்திருந்தது மூன்றே வரி. வேதாகமத்தின் கடைசிக் காலிப் பக்கத்தில், பென்சிலால். "பாட்டு 214. குழியண்டை பாடவும். எல்லாச் சரணமும், ஒன்றையும் விடக்கூடாது." பாட்டின் முதல் வரி என்ன என்று எழுதவில்லை. அதையும் எழுதித் தொலைத்திருந்தால் அன்றைக்கு நான் கால் தரையில் பாவாமல் அலைந்திருக்க வேண்டியதில்லை.

காலை எட்டு மணி. அம்மா முன்னறையில் பெட்டிக்குள் இருந்தாள். மாலை நாலு மணிக்கு அடக்கம். தம்பி வேதாகமத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தான், போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினான், அவ்வளவுதான், அவனுக்கு வேலை முடிந்தது.

"கிடைச்சாச்சுக்கா. இருநூத்திப் பதினாலு, அடக்கப் பாட்டு. ஓட்டத்தை முடிச்சவங்க, கிரீடம், கரை சேர்றது, எல்லாம் இருக்கு. அம்மா கரெக்டாத்தான் எழுதியிருக்காங்க."

"எந்தப் புத்தகத்துல?"

"பாட்டுப் புத்தகத்துலதான். இதுல என்ன கேள்வி?"

கேள்வி இருந்தது. எங்கள் சபையில் பாட்டுப் புத்தகம் இரண்டு. பழையது காக்கி அட்டை. நான் கல்லூரியில் படித்த காலத்தில் யாரோ பெரியவர்கள் உட்கார்ந்து, சில பாட்டுகளைத் தூக்கி, சிலதைச் சேர்த்து, வரிசையை மாற்றி, நீல அட்டையில் புதிதாகப் போட்டார்கள். பாட்டு அதே பாட்டு, எண் மட்டும் வேறு. இரண்டும் சேர்ந்து புழங்கிய வருஷங்களில் சுவர்ப் பலகையில் வெள்ளை எண் நீலத்துக்கு, சிவப்பு எண் காக்கிக்கு என்று இரண்டையும் மாட்டுவார்கள். மாட்டுகிறவர் ஒருநாள் அசந்தாலும் போச்சு. ஒரு உயிர்த்தெழுதல் பண்டிகையில் பாதி சபை கல்லறை திறந்ததைப் பாட, மறுபாதி அறுவடைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை.

போனில் இருப்பது நீலம். அம்மா சாகும்வரை காக்கிக் கட்சி. நீலப் புத்தகத்தை அவள் கையால் தொட்டதுகூட இல்லை.

"விடேன்க்கா. அடக்கப் பாட்டுதானே வந்திருக்கு. பொருத்தமா வந்ததை ஏன் போட்டுக் கிளர்றே?" என்றான் தம்பி. அவன் கோயில் வாத்தியக் குழுவின் தலைவன். கிடார் வாசிப்பான், பாட்டு நடத்துவான், ஐந்து நிமிஷத்துக்கு மேல் எதையும் யோசிக்க மாட்டான்.

விட்டிருக்கலாம். எனக்கு விட முடியாததற்குக் காரணம் அம்மா இல்லை, நான்தான். கோயில் ஆபீஸில் பத்து வருஷமாகச் செயலாளர் நான். எட்டு வருஷத்துக்கு முன்னால் சுவரில் பெரிய திரை வந்தபோது, இனிப் பாட்டெல்லாம் திரையில் என்று முடிவானபோது, பெஞ்சுகளில் இருந்த புத்தகங்களைப் பொறுக்கி, சாக்கில் கட்டி, பழைய பேப்பர் கடைக்கு அனுப்பியவள் நான். கூட்டத்தில் எனக்குக் கைகூடத் தட்டினார்கள். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் அம்மா எப்போதும் விட்டுவிட்டு வருகிற அவளுடைய காக்கிப் புத்தகமும் அந்தச் சாக்கில் போய்விட்டது. அடுத்த ஞாயிறு வந்து பெஞ்சைத் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கோயிலில் வாய் திறந்து பாடி நான் பார்க்கவில்லை. "திரையில எழுத்துத் தெரியலையாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "நல்லாத் தெரியுது" என்றாள்.

இப்போது புதுப் போதகருக்குப் பழசின் மேல் ஆசை வந்திருக்கிறது. அடுத்த மாதம் பாரம்பரிய ஞாயிறு. முன்னோரின் பாடல்களை மீட்கிறோம் என்று பதாகை அடித்தாகிவிட்டது. அதற்குப் பொறுப்பாளர் யார்? சாட்சாத் நானேதான். வீட்டில் பழைய பாட்டுப் புத்தகம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று நாலு வாரமாக ஒலிபெருக்கியில் கத்தினேன். ஏழு நீலப் புத்தகமும், கைப்பிடி இல்லாத ஒரு மணியும், யாருடைய தாத்தா என்றே தெரியாத ஒரு போட்டோவும் வந்தன. காக்கி ஒன்றுகூட வரவில்லை.

அன்றைக்குக் காலையிலும் பதினோரு பேருக்குப் போன் போட்டேன். எல்லோரும் முதலில் அனுதாபம் சொன்னார்கள், பிறகு அம்மாவுக்கு என்ன உடம்பு என்று விசாரித்தார்கள், கடைசியில் புத்தகம் இல்லை என்றார்கள். நான் வாசலுக்குப் போவதும் உள்ளே வருவதும் பெட்டி மேல் இருந்த பூவைச் சரிசெய்வதுமாக இருந்தேன். "ஒரு இடத்துல உட்காரேன், பார்க்கறவங்களுக்குத் தலை சுத்துது" என்றான் தம்பி. உட்கார்ந்தேன். அடுத்த நிமிஷமே எழுந்துவிட்டேன்.

அவன்தான் அப்போது கேட்டான். "கோயில் புரொஜெக்டரைக் கழட்டி எடுத்துட்டு வந்துரட்டுமா? வர்றவங்க சுவத்துல பார்த்துப் பாடிடுவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தொடாதே! நானே போறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திரை வந்த புதிதில் கோயில் மாடியில் புரொஜெக்டர் வைக்கிற பலகை முன்பக்கம் சாய்ந்துவிட்டது. பாட்டின் மேல் வரி திரையில், கீழ் வரி போதகரின் சட்டையில். தச்சர் வருவதற்குள் ஞாயிறு வந்துவிடும் என்று நான்தான் நாலு பாட்டுப் புத்தகத்தைக் கறுப்புத் துணியில் சுற்றி அடியில் கொடுத்தேன். தச்சர் இன்றுவரை வரவில்லை. நானும் மறந்தே போனேன். ஊரையெல்லாம் கேட்டவள் என் கையால் வைத்த இடத்தைப் பார்க்கவில்லை. என் புத்தியை எதால் அடிப்பது?

மாடிப் படியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு நீலம், இரண்டு காக்கி. காக்கியில் ஒன்று முன்பக்கம் கிழிந்தது. மற்றதில் இருநூற்றுப் பதினாலைத் திருப்பினேன். தலைப்பு, குழந்தை ஞானஸ்நானம்.

தண்ணீர் கொண்டு வந்தோம், நாதா,
தாழ்மையோடே நிற்கிறோம்;
கண்ணின் மணியாய் வந்த பிள்ளை
கையில் ஏந்தித் தருகிறோம்.

இரண்டு சரணம் படித்தேன். அதற்கு மேல் படிக்கப் பொறுமை இல்லை. எண்பது வயதுக் கிழவியின் குழியில் நின்று தொட்டில் பிள்ளைப் பாட்டா? அம்மா, உனக்கென்ன கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று காலிக் கோயிலில் வாய்விட்டே கேட்டேன். புத்தகத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி பக்கத்தில் சிரிக்கக்கூடாதே என்று சமையலறைக்குப் போய்ச் சிரித்தான். "பார்த்தியா? அப்போ நீலந்தான். யார்கிட்டயோ நம்பர் கேட்டு எழுதியிருக்காங்க. விஷயம் முடிஞ்சுது."

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. வந்திருந்த உறவுக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்கும் கால் வலித்தது, அம்மாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருந்தது. சரி, ஒழியட்டும் என்று சொல்லப் போனேன்.

"என்னடி அது, எல்லாரும் சிரிக்கறீங்க?" என்றாள் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. அப்பா போன பிறகு அம்மாவோடுதான் இருந்தாள். காது சரியாகக் கேட்காது. காலையிலிருந்து பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு அசையாமல் இருந்தாள். நான் அவள் காதருகே குனிந்து அந்த முதல் இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தேன்.

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கதவைச் சாத்து" என்றாள். உறவுக்காரர்களைத் தம்பி வெளியே அனுப்பினான். அம்மாவும் நாங்கள் மூன்று பேரும்தான் அறையில்.

"உனக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சே, தெரியுமில்ல?"

"தெரியும் சித்தி. தவறிப்போச்சுன்னு அம்மா சொல்லியிருக்காங்க." வயிற்றிலேயே கலைந்துவிட்டது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"வயித்துல தவறல. பொறந்துச்சு. இருபத்து மூணு நாள் இருந்துச்சு. பொண்ணு. ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம்னு எல்லாம் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்து மத்தியானமே போயிடுச்சு." சித்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அவளிடம் அனுமதி கேட்பது போல. "அப்ப இருந்த போதகர், ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு மணி அடிக்கக்கூடாது, பாட்டுப் பாடக்கூடாது, அடக்கப் பதிவேட்டுல எழுதக்கூடாதுன்னுட்டார். அதான் அன்னைக்குச் சட்டம். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமா ஒரு குழி. உங்கப்பா துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனார். நான் பின்னாடியே போனேன். யாரும் ஒரு வார்த்தை பேசல. மண்ணைத் தள்ளினோம், வந்துட்டோம். உங்கம்மாவை வரவே விடல. இவ இங்க வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு இந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கிட்டிருந்தா. ஞாயித்துக்கிழமைக்காக மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாளே."

"இத்தனை வருஷம் ஏன் சித்தி சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்போது, அம்மா போன வருஷம் பிடிவாதமாகச் சாக்கடை நாறும் சுவரோரத்தைக் கேட்டு வாங்கினாள். வயசானாலே பிடிவாதம்தான் என்று இரண்டு பேரும் அவளை வாய்க்கு வந்தபடி பேசினோம்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது? அடக்கப் பதிவேடு பத்து வருஷமாக என் மேசையில்தான் இருக்கிறது. அந்த வருஷத்துப் பக்கத்தை யார் யாருக்கோ சான்றிதழ் எழுத எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். அதில் என் அக்கா இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? சட்டம் போட்டவரும் மண்ணாகிவிட்டார். திட்டுவதற்கு மிஞ்சியவள் பெட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளையும் திட்டினேன். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அந்தப் புத்தகத்தை நான் கடைக்கு அனுப்பியிருப்பேனா என்று அழுதுகொண்டே கேட்டேன்.

பன்னிரண்டு மணிக்குப் போதகர் வந்தார். முப்பத்தைந்து வயது, நல்ல மனுஷர், எதையும் திட்டமிட்டுச் செய்கிறவர். காக்கிப் புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க கிடைச்சுதுக்கா? அருமை, அருமை!" என்றார். எந்தப் பாட்டு என்று சொன்னதும் மலர்ந்தது சுருங்கியது.

"அக்கா, மனசு புரியுது. ஆனா அடக்கத்துல ஞானஸ்நானப் பாட்டுப் பாடினா சனங்க குழம்பிடுவாங்க. இதைப் பாரம்பரிய ஞாயிறுக்கு வச்சுப்போம். முதல் பாட்டா இதையே போட்டுடலாம்."

"அதுவரைக்கும் எங்கம்மா காத்திருக்க மாட்டாங்க பாஸ்டர். இன்னைக்கு நாலு மணிக்குக் குழியில வைக்கிறோம்."

"அதுக்கில்லக்கா, ஒரு ஒழுங்குன்னு இருக்கில்ல?"

"ஒழுங்கா? அந்த ஒழுங்கைத்தான் உங்க நாற்காலியில முன்னாடி உட்கார்ந்திருந்தவர் எங்கக்காவுக்குக் காட்டினார்." அப்புறம் சித்தி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினேன். என் குரல் வாசல்வரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தது.

போதகர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "பாடலாம்" என்றார். "நானே நின்னு நடத்தறேன். ராகம் யாருக்குத் தெரியும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். எங்கள் புத்தகத்தில் வார்த்தை மட்டும்தான் உண்டு. ராகம் பெரியவர்கள் வாயில் இருந்தது, அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி கிடாரை எடுத்துக்கொண்டு சித்தியின் காலடியில் தரையில் உட்கார்ந்தான். சித்தி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். குரல் நடுங்கியது, ஆனால் ராகம் பிசகவில்லை. அவன் முதல் மூன்று அடியைப் பிடித்துவிட்டான். நாலாவது அடியில் திரும்பத் திரும்பத் தவறினான்.

"இறங்கும்னு நினைச்சா ஏறுதே சித்தி!"

"பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிற இடம்டா அது. இறங்குமா?"

ஒரு மணியிலிருந்து இரண்டரை வரைக்கும் அதே அடி. ஞாயிற்றுக்கிழமை மேடையில் விளக்கு வெளிச்சத்தில் குதிக்கிற என் தம்பி, வியர்வை வழிய, கிழவியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வாசித்தான். நான் அதைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் ஆபீஸுக்கு ஓடினேன். நகல் இயந்திரம் இரண்டு முறை தாளைக் கடித்தது. புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்தி நூற்றைம்பது நகல் எடுத்தேன். மை சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நிரம்பிவிட்டது. தாளை வாங்கியவர்கள் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தாள் மாறிப்போச்சும்மா" என்று ஒருத்தர் எனக்கு இரக்கத்தோடு சொல்லிக் கொடுத்தார். மாறவில்லை என்றேன். ராகம் தெரியாமல் எல்லோரும் பாதியில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது, யாராவது சிரித்துவிட்டால் அந்த இடத்திலேயே அறைந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பெட்டியை இறக்கினார்கள். போதகர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "நம்ம அம்மா இந்தப் பாட்டைப் பாடச் சொல்லியிருக்காங்க. எல்லாச் சரணமும் பாடுவோம்" என்றார். தம்பி தொடங்கினான். முதல் சரணத்தில் அவனும் போதகரும் சித்தியும்தான். இரண்டாவதில் வயதானவர்கள் சிலருக்கு ராகம் நினைவுக்கு வந்துவிட்டது, தாளைப் பார்க்காமலே சேர்ந்துகொண்டார்கள். நாலாவது அடி ஏறும்போது எல்லாரும் ஏறினார்கள்.

மூன்றாம் சரணத்தில் பாட்டு நின்றுவிட்டது.

போதகர் தாளைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். நானும் அப்போதுதான் பார்த்தேன். "தண்ணீராலே தொட்டு நீரே" என்ற அடிக்கு அடுத்து, அடைப்புக்குறிக்குள், பெயர் என்று அச்சடித்திருந்தது. அதற்கப்புறம் "என்றழைப்பீர்" என்று அடி முடிந்தது. அந்தக் காலத்தில் ஞானஸ்நானத் தொட்டியண்டை நிற்கும்போது, அந்த இடத்தில் பாட்டை நிறுத்தி, பெற்றவர்கள் பிள்ளையின் பெயரைச் சொல்வார்களாம். அதை வாங்கிச் சபை முழுக்கப் பாடுமாம். பெரியவர்கள் பேசாமல் நின்று காத்திருந்தார்கள். தம்பி அதே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். போதகர் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? இருபத்து மூன்று நாள் இருந்த பிள்ளைக்குப் பெயர் வைத்தார்களா என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.

அப்போது சித்தி, காது கேளாதவர்கள் பேசுவது போல, உரக்க என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"என்ன சித்தி?" என்றேன்.

சித்தி திரும்பவில்லை. அவள் சுவரோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் அந்தப் பெயரைச் சொன்னாள், இந்தமுறை ராகத்தோடு.

போதகருக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது. அவர் அந்தப் பெயரை வாங்கிப் பாடினார். பிறகு கல்லறைத் தோட்டம் முழுவதும் பாடியது. சாப்பிட வா என்று, பள்ளிக்கு நேரமாச்சு என்று, போனை வைக்காதே இன்னும் ஒரு விஷயம் என்று, ஐம்பத்தொரு வருஷம் அம்மா என்னைக் கூப்பிட்டது அந்தப் பெயரைச் சொல்லித்தான். அதற்கு முன்னால் அது இன்னொருத்தியுடையது. ஒருநாளும் அவளை உரக்கக் கூப்பிட முடியாதவள், என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு அம்மா மேல் கோபமாக வந்தது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பெட்டி கீழே போய்விட்டிருந்தது.

சபை நாலாம் சரணத்துக்குப் போய்விட்டது. நான் மட்டும் மூன்றாம் சரணத்திலேயே நின்று, அந்தப் பெயரை இன்னொரு முறை பாடினேன்.